காசு நம்மளோடது, சாவி யாரோடது?



கொஞ்சம் நீளமான பதிவுதான். ரீல்ஸ் பாக்குற நேரத்துல ஒரு பத்து நிமிஷத்தை இதுக்குக் குடுங்க. முழுசா படிச்சிட்டு, உடன்பாடு இல்லைன்னா கமெண்ட்ல வந்து சண்டை போடுங்க. பதில் சொல்லத் தயாரா இருக்கோம்.

2025 ஜூலை மாதம் நடந்தது இது. குஜராத் மாநிலம் வாடினாரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் கம்பெனி, நயாரா எனர்ஜி. நாடு முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட பெட்ரோல் பங்குகள் அவங்க பெயரில் ஓடுது. திடீர்னு ஒருநாள் அந்தக் கம்பெனியில் அவுட்லுக் மெயில் வேலை செய்யலை. டீம்ஸ் வேலை செய்யலை. வைரஸா? ஹேக்கரா? ரெண்டும் இல்லை. சேவையை நிறுத்தினது மைக்ரோசாஃப்ட்டேதான்.

காரணம் என்ன? நயாராவில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49 சதவீதப் பங்கு இருக்கு. ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. கவனிங்க, அது இந்திய அரசு போட்ட தடை கிடையாது. இந்திய நீதிமன்றம் எதுவும் சொல்லலை. இந்தியாவில் பதிவான கம்பெனி, இந்திய மண்ணில் நடக்குது, இந்திய ஊழியர்கள் வேலை பாக்குறாங்க. எங்கேயோ எடுத்த ஒரு முடிவுக்காக இங்கே மெயில் பெட்டி பூட்டப்பட்டது. லைசென்ஸுக்கு முழுப் பணமும் கட்டியிருக்கோம், எங்க தரவையே எங்களால தொட முடியலைன்னு நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்தில் போய் நின்னது. அந்த மாசக் கடைசியில் சேவை திரும்ப வந்தது.

நயாராவுக்காகக் கண்ணீர் விடச் சொல்லலை. அது பெரிய கம்பெனி, பெரிய வக்கீலை வெச்சுப் பாத்துக்கும். நாம கேக்க வேண்டிய கேள்வி வேற. நாளைக்கு இதே பூட்டு ஒரு கலெக்டர் ஆபீஸ்ல விழுந்தா? அரசு மருத்துவமனை சர்வர்ல விழுந்தா? பத்திரப்பதிவு அலுவலகத்துல விழுந்தா? அங்கே நிக்கிற நம்ம அம்மாவும் அப்பாவும் எந்த உயர்நீதிமன்றத்துக்குப் போவாங்க?

இதுதான் இந்தப் பதிவோட விஷயம். மென்பொருள்னா ஏதோ கம்ப்யூட்டர் படிச்சவன் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. இது அதிகாரம் பத்தின விஷயம். அதிகாரம் பத்தினது எல்லாமே அரசியல்தான்.

*இலவசம் வேற, கட்டற்றது வேற*

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ'ங்கிற ஒரே வார்த்தைக்கு காசில்லாததுன்னும் அர்த்தம், சுதந்திரமானதுன்னும் அர்த்தம். அதனால அவங்க நாப்பது வருஷமா விளக்கம் குடுத்துக்கிட்டே இருக்காங்க. நமக்கு அந்தப் பிரச்சனையே இல்லை. தமிழில் 'இலவசம்' தனி, 'கட்டற்றது' தனி. வாட்ஸ்அப் இலவசம், ஆனா கட்டற்றது கிடையாது. லினக்ஸைக் காசு வாங்கிக்கிட்டும் விக்கலாம், ஆனா அது கட்டற்றது.

கட்டற்ற மென்பொருள்னா நாலு உரிமை. எதுக்கு வேணும்னாலும் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு திறந்து பாக்கலாம், நமக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். பிரதி எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். மாத்தினதையும் ஊருக்குக் குடுக்கலாம். இந்த நாலும் இருந்தா சாவி நம்ம கையில். இல்லைன்னா, எவ்வளவு காசு கட்டியிருந்தாலும் நாம வாடகைக்காரங்கதான்.

இந்த இயக்கம் எதுல ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? ஒரு பிரிண்டர்ல. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் அடிக்கடி பேப்பர் சிக்கி நின்னது. அங்கே புரோகிராமரா இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அதோட மூலநிரல் கிடைச்சா, பேப்பர் சிக்கினதும் ஆளுக்குத் தகவல் அனுப்புற மாதிரி நானே மாத்திக்குவேன்னார். மூலநிரல் வெச்சிருந்தவர் தரமுடியாதுன்னுட்டார். யாருக்கும் குடுக்க மாட்டேன்னு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தார். பிரச்சனை தெரியும், தீர்வும் தெரியும், ஆனா கைய வைக்க அனுமதி இல்லை. 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவிச்சார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதின லினக்ஸ் கருநிரல் அதோட சேர்ந்தது. இன்னைக்கு நீங்க கையில வெச்சிருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடுறது அந்த லினக்ஸ்தான். உலகின் வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரில் இருந்து லினக்ஸில்தான் ஓடுது. ஓசியில கிடைக்கிறது தரமா இருக்காதுன்னு சொல்றவங்க இதை ஒரு தடவை படிச்சுக்கோங்க.

*வாங்கினா நமக்குச் சொந்தமா?*

2009 ஜூலையில் அமேசான் என்ன பண்ணிச்சு? விற்பனை உரிமை இல்லாத யாரோ தங்கள் கடையில் போட்ட புத்தகம்னு சொல்லி, காசு குடுத்து வாங்கினவங்களோட கிண்டில் கருவிக்குள்ள புகுந்து புத்தகத்தை அழிச்சது. காசைத் திருப்பிக் குடுத்தாங்க, சரி. ஆனா பழைய புத்தகக் கடைக்காரர் உங்க வீட்டுக்குள்ள ராத்திரியில வந்து அலமாரியில் இருந்து புத்தகத்தை எடுத்துட்டு மேசை மேல காசை வெச்சிட்டுப் போனா அதை வியாபாரம்னு சொல்வீங்களா? அழிக்கப்பட்ட புத்தகங்களில் ஒண்ணு, ஜார்ஜ் ஆர்வெல் எழுதின '1984'. கண்காணிப்பு அரசைப் பத்தின நாவல். கதையை நாங்க ஜோடிக்கலை.

2019 அக்டோபர். அமெரிக்க அதிபரின் உத்தரவைக் காட்டி, வெனிசுவேலா நாட்டில் எல்லாருடைய கணக்குகளையும் முடக்கப் போறதா அடோபி அறிவிச்சது. ஃபோட்டோஷாப்பை நம்பிப் பொழைக்கிற ஸ்டுடியோக்காரர், பத்திரிகையில் லேஅவுட் போடுறவர், யாருமே தப்பு பண்ணலை. பிறகு அனுமதி வாங்கி அந்த முடிவை மாத்திக்கிட்டாங்க. ஆனா சுவிட்ச் யார் கையில இருக்குன்னு உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு.

இன்னும் பக்கத்துல வருவோம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11-க்குப் போகலாம்னா, டி.பி.எம். 2.0 வேணும், குறிப்பிட்ட தலைமுறைக்கு மேற்பட்ட பிராசஸர் வேணும். நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற கம்ப்யூட்டர், ஒரு கம்பெனி நாள் குறிச்சதால காயலான் கடைக்குப் போகணுமா? அதே மெஷின்ல ஒரு லைட்டான லினக்ஸைப் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். பொருள் கெட்டுப் போகலை. அதோட ஆயுளை முடிவு பண்ற உரிமைதான் நம்மகிட்ட இல்லை.

*தமிழுக்கு நடந்ததை மறந்துடாதீங்க*

இந்தப் பூட்டு தமிழைப் பாடாய்ப் படுத்தின கதை இருக்கு. இப்போ காலேஜ் படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு அது தெரியாது.

1990-களில் ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறியாக்கம். பாமினி, திஸ்கி, டாப், டாம்னு ஏகப்பட்டது, அதுக்கு மேல கம்பெனிக்கு ஒண்ணு. ஒரு டி.டி.பி. சென்டர்ல அடிச்ச கல்யாணப் பத்திரிகை ஃபைலை அடுத்த தெரு சென்டர்ல திறந்தா, சரம் சரமா ஆங்கில எழுத்தும் குறியும்தான் வரும். அந்த எழுத்துருவை நீங்களும் வாங்கணும். இல்லைன்னா உங்க மொழியை உங்களாலேயே படிக்க முடியாது. எத்தனை பதிப்பகங்களோட பழைய ஃபைல்கள், எத்தனை அலுவலகங்களோட பழைய கடிதங்கள் இப்படித் திறக்க முடியாம கிடக்குன்னு யோசிச்சுப் பாருங்க. இரண்டாயிரம் வருஷத்து ஓலைச்சுவடி மரபு இருக்கிற மொழி நம்மளோடது. ஆனா இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின ஃபைலைத் திறக்கத் தடுமாறுறோம்.

இதுல இருந்து தமிழை மீட்டது யார்? தமிழ்நாடு, ஈழம், மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, அமெரிக்கான்னு சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்க. சங்க இலக்கியம் முதல் பாரதியார் வரை தட்டச்சு பண்ணி, யாரும் எடுத்துக்கலாம்னு வெச்சாங்க. எந்த எண்ணுக்கு எந்த எழுத்துன்னு வெளிப்படையா இருந்த குறியாக்கம்ங்கிறதால, யூனிகோட் வந்ததும் மாத்த முடிஞ்சது. பூட்டின வடிவத்தில் மட்டும் இருந்திருந்தா அந்த உழைப்பெல்லாம் மண்ணாயிருக்கும். 2003-ல் தொடங்கின தமிழ் விக்கிப்பீடியா ஓடுறதும் கட்டற்ற மென்பொருளில்தான். பயர்பாக்ஸையும் லிபர் ஆஃபீஸையும் தமிழ்ப்படுத்தினது சம்பளம் வாங்கின ஆட்கள் கிடையாது, ராத்திரி கண்ணு முழிச்ச நம்ம ஆட்கள்.

கட்டற்ற மென்பொருள்ல தமிழ் வேணும்னா நாமே சேர்க்கலாம். தனியுரிம மென்பொருள்ல தமிழ் வேணும்னா மனு போட்டுட்டுக் காத்திருக்கணும். அவங்க கணக்குல நம்ம மொழிக்கு லாபம் வந்தா வரும், இல்லைன்னா வராது. மொழிக்காகப் போராடின மண்ணுல பொறந்தவங்களுக்கு இதை இதுக்கு மேல விளக்கணுமா?

*முடியுமா? பக்கத்து மாநிலத்தைப் பாருங்க*

கேரளாவில் 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. தனியுரிம மென்பொருளைப் பாடமா வைக்கலாமான்னு பெரிய விவாதம் நடந்தது. ஆசிரியர் இயக்கங்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் சேர்ந்து நின்னாங்க. இன்னைக்கு அந்த மாநிலத்து அரசுப் பள்ளிப் பிள்ளைங்க லினக்ஸில்தான் கணினி கத்துக்கிறாங்க. 2019-ல் புதுப் பதிப்பு வந்தப்போ, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு லைசென்ஸ் காசு மட்டும் 3,000 கோடி ரூபாய் மிச்சம்னு அந்தத் திட்டத்தை நடத்தும் கைட் நிறுவனம் கணக்கு சொன்னது. அந்தப் பிள்ளைங்களுக்கு வேலை கிடைக்காமப் போச்சா? அமெரிக்காக்காரன் சேர்த்துக்கலையா?

தமிழ்நாட்டிலும் தொடங்காம இல்லை. எல்காட் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்த காலத்தில் அந்த அலுவலகமே லினக்ஸுக்கு மாறியது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. 2011-ல் தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோட பாஸும் இருந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு நின்னப்போ, துறைகளைப் பாஸுக்கு மாறச் சொன்னது தமிழ்நாடு அரசு. இப்பவும் 11-ம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலைத் திறந்து பாருங்க. ஓப்பன் ஆஃபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் பாடமாவே இருக்கு.

அப்புறம் ஏன் நிக்கலை? பாடம் வந்த அளவுக்குப் பயிற்சி வரலை. மடிக்கணினி வந்தது, ஊருக்கு ஒரு லினக்ஸ் தெரிஞ்ச மெக்கானிக் வரலை. வாங்கின வாரமே கடையில குடுத்து ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் மட்டும் போட்டுக்கிட்டோம். அரசாணை எழுதுறது ஒரு நாள் வேலை. பழக்கத்தை மாத்துறது பத்து வருஷ வேலை. அந்தப் பத்து வருஷமும் பின்னாடி நிக்க அரசியல் உறுதி வேணும்.

ஜெர்மனியில் மியூனிக் நகரம் இதுக்குப் பாடம். 2003-ல் முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாத்தினாங்க. குறைகள் இருந்தது உண்மை. ஆனா 2017-ல் நகர்மன்றம் ஓட்டுப் போட்டு விண்டோஸுக்கே திரும்பினது அரசியல் முடிவு. 2020-ல் வந்த கூட்டணி, மக்கள் பணத்தில் உருவாகும் நிரல் மக்களுக்கேன்னு மறுபடி சொன்னது. அதே நாட்டில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் 30,000 அரசுக் கணினிகளை லிபர் ஆஃபீஸுக்கு மாத்துறதா அறிவிச்சது. பணக்கார நாடே பயந்து போய்ச் சாவியைத் தேடுது. நாம இன்னும் பூட்டுக்கு மாச வாடகை கட்டிக்கிட்டு இருக்கோம்.

*வழக்கமா வர்ற கேள்விகள்*

"எல்லாரும் கிராக் போட்டுத்தானே யூஸ் பண்றோம், நமக்கு என்ன செலவு?"

1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பில் கேட்ஸ் இதுக்குப் பதில் சொல்லிட்டார். சீனாவில் காசு குடுக்காம மென்பொருள் எடுக்கிறாங்க, எப்படியும் திருடப் போறாங்கன்னா நம்மளோடதையே திருடட்டும், அடிமையாகிடுவாங்க, அப்புறம் எப்படி வசூல் பண்றதுன்னு பாத்துக்கலாம்ங்கிற அர்த்தத்தில் பேசினார். நீங்க திருடுறதா நினைக்கிறீங்க. அவங்க அதைத் தூண்டில் புழுவுல எழுதிக்கிறாங்க. காலேஜ்ல கிராக்கில் பழகினவன், கம்பெனி வெச்சதும் லைசென்ஸ் வாங்கித்தானே ஆகணும்? வேற எதுவும் அவனுக்குத் தெரியாதே.

"சுதேசி கம்பெனி இருக்கே, அதுக்கு மாறினா போதாதா?"

2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஜோஹோவுக்கு மாறியதா அறிவிச்சார். ஒன்றிய கல்வி அமைச்சகமும் தன் அதிகாரிகளை ஜோஹோ ஆஃபீஸுக்கு மாறச் சொன்னது. தென்காசிப் பக்கம் ஆபீஸ் போட்டு நம்ம பசங்களுக்கு வேலை குடுக்கிற கம்பெனி. வளரட்டும், சந்தோஷம். அவங்க திறமை மேல எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனா அதோட மூலநிரலும் பூட்டித்தான் இருக்கு. பூட்டு செஞ்சது திண்டுக்கல்லா, அமெரிக்காவாங்கிறது முக்கியமில்லை. சாவி என்கிட்ட இருக்காங்கிறதுதான் கேள்வி. நாளைக்கு அந்தக் கம்பெனி கைமாறினா? விலையை ஏத்தினா? இன்னைக்கு இருக்கிற முதலாளி நல்லவர்ங்கிறது ஒரு அரசாங்கத்துக்குப் பாதுகாப்பு ஆகுமா?

2015-ல் அரசுத் துறைகளுக்குத் திறந்தமூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது யார்? இதே ஒன்றிய அரசுதான். அந்தக் கொள்கை எந்த அலமாரியில் இருக்குன்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, 2008-ல், மைக்ரோசாஃப்ட் முன்வெச்ச ஆவண வடிவத்தை உலகத் தரமா ஆக்கும்போது இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது, மேல்முறையீடும் செஞ்சது. அன்னைக்கு இருந்த முதுகெலும்பு இப்போ எங்கே?

"பழுதானா யாரைக் கூப்பிடுறது?"

நம்ம பிள்ளைங்களை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டும் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். படிச்சிட்டு வேலை தேடி அலையுற தம்பிகள் தெருவுக்குத் தெரு இருக்காங்க. லைசென்ஸ் காசு வெளிநாட்டுக் கணக்குக்குப் போகும். பராமரிப்புக் காசு தர்மபுரியிலயும் திருவாரூர்லயும் இருக்கிற பையனுக்குச் சம்பளமாப் போகும். மூலநிரல் கையில இருந்தாத்தான் அவன் பழுது பாக்க முடியும். பூட்டிக் குடுத்தா, அவனும் கஸ்டமர் கேர் நம்பருக்குப் போன் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கிட்டு உட்கார வேண்டியதுதான்.

"இதையே தனியார் சோசியல் மீடியாவுல தானே போடுறீங்க?"

ஆமா. சந்தை எங்கே கூடுதோ அங்கேதான் துண்டறிக்கை குடுக்க முடியும். ஜமீன்தார் ரோட்டுல நடந்து போய்த்தான் ஜமீன்தாருக்கு எதிராக் கூட்டம் போட்டாங்க.

*நம்ம கோரிக்கை*

ஒண்ணு: மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படுற அரசு மென்பொருளின் மூலநிரல் மக்களுக்குத் திறந்து வைக்கப்படணும். பாதுகாப்புக் காரணத்துக்காக விலக்கு கேட்டா, அதை எழுத்துல சொல்லணும்.

ரெண்டு: அரசு ஆவணங்கள் ஓ.டி.எஃப். போன்ற திறந்த வடிவத்திலும், தமிழ் யூனிகோடிலும்தான் சேமிக்கப்படணும். ஐம்பது வருஷம் கழிச்சு நம்ம பேரப்பிள்ளை திறந்தாலும் திறக்கணும்.

மூணு: ஒவ்வொரு டெண்டரிலும், கம்பெனியை மாத்தினா தரவை முழுசா எடுத்துட்டுப் போக முடியுமான்னு கேள்வி இருக்கணும். முடியாதுன்னா அந்த டெண்டர் செல்லாது.

நாலு: பாடநூல்ல இருக்கிற கட்டற்ற மென்பொருள் பள்ளி ஆய்வகத்திலும் இருக்கணும். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், மாவட்டத்துக்கு ஒரு பராமரிப்புக் குழுவும் வேணும்.

*நீங்க என்ன செய்யலாம்?*

அரசாங்கம் மாறுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வீட்டுல தூசி பிடிச்சுக் கிடக்கிற அந்தப் பழைய மடிக்கணினியை இந்த ஞாயித்துக்கிழமை எடுங்க. உள்ளே இருக்கிற படத்தையெல்லாம் பத்திரமாப் பிரதி எடுத்துட்டு, ஒரு லினக்ஸைப் போட்டுப் பாருங்க. போஸ்டர் அடிக்கிற தோழர்கள் ஜிம்ப், இங்க்ஸ்கேப் பழகுங்க. வீடியோ வெட்டுறவங்க கேடென்லைவ் பழகுங்க. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்லயே கிடைக்குது, காசு கிடையாது. கணியம் இணைய இதழில் தமிழ்க் கட்டுரைகள் குவிஞ்சு கிடக்கு. முதல் வாரம் கை தடுமாறும். சைக்கிள் ஓட்டிப் பழகும்போதும் அப்படித்தான் இருந்தது.

இது புரிஞ்சா, அடுத்த கிராமசபையில், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த மென்பொருளை நாளைக்கு அவங்க நிறுத்திட்டா நாம என்ன பண்ணுவோம்?" பதில் வரலைன்னா, அந்த அறையில் எல்லாருக்கும் விஷயம் புரிஞ்சிடும்.

பகிருங்க. பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் தம்பியை டேக் பண்ணுங்க. காசு நம்மளோடதுன்னா, சாவியும் நம்மளோடதா இருக்கணும்.

— தகவல் தொழில்நுட்ப அணி

#கட்டற்ற_மென்பொருள் #மக்கள்_பணம்_மக்கள்_நிரல் #சாவி_நம்ம_கையில்